கொலு வாரத்தில் ஓட்டம், ஜல்லி, சுண்டல்

புரட்டாசி பிறந்தால் எங்கள் வீட்டில் எல்லா வேலையும் ஒன்றாகத்தான் வந்து நிற்கும். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் மொட்டை மாடியையும் மழைநீர் வடிகட்டித் தொட்டியையும் சுத்தம் செய்தாக வேண்டும். மகாளய அமாவாசை அன்று கொலுப்படி கட்ட வேண்டும். மறுநாளிலிருந்து சாயந்திரமானால் நாலு வீட்டுக்கு நாம் போக வேண்டும், நாலு பேர் நம் வீட்டுக்கு வருவார்கள். இதற்கு நடுவில் ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானில் அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்து வைத்திருக்கிறேன். இருபத்தொரு கிலோமீட்டர் சொச்சம். செப்டம்பர், அக்டோபரில் அஸ்திவாரம் போட்டால்தான் டிசம்பரில் தூரத்தைக் கூட்ட முடியும்.

இந்த வாரத்தில் பயிற்சியை மூட்டை கட்டி வைத்துவிடுங்கள் என்று சொல்பவர்கள் உண்டு. பயிற்சி அட்டவணையை ஒரு நாள்கூட மாற்றாமல் கொலு வீடுகளைத் தவிர்ப்பவர்களும் உண்டு. எனக்கு இரண்டும் சரிப்படவில்லை. நான் செய்வது இதுதான்: வீட்டு வேலையையும் பயிற்சிக் கணக்கிலேயே எழுதுகிறேன். காலை ஓட்டத்தை முந்தின சாயந்திரத்தைப் பார்த்து முடிவு செய்கிறேன்.

கணக்கு என்றால் பெரிய கணக்கில்லை. கார்ல் ஃபாஸ்டர் என்ற அமெரிக்க உடற்பயிற்சி விஞ்ஞானி பிரபலப்படுத்திய ஒரு முறை இருக்கிறது. ஒரு பயிற்சி முடிந்ததும் அது எவ்வளவு கடினமாக இருந்தது என்று பத்துக்கு மதிப்பெண் போட வேண்டும். அதை எத்தனை நிமிடம் செய்தோமோ அதால் பெருக்க வேண்டும். அவ்வளவுதான். நிதானமான ஓட்டம் நாற்பது நிமிடம், கடினம் நாலு என்றால் 160. ஜிம்மில் ஐம்பது நிமிடம், கடினம் ஏழு என்றால் 350. விளையாட்டு வீரர்களுக்காக வந்த முறைதான், ஆனால் அதை வீட்டு வேலைக்கும் போட்டுப் பாருங்கள். பரணிலிருந்து பெட்டிகளை இறக்கி, படி கட்டி, பொம்மை அடுக்க இரண்டரை மணி நேரம், கடினம் ஐந்து. அதற்கு 750 வருகிறது. ஓட்டத்தைவிட நாலு மடங்குக்கு மேல்! அதைச் செய்துவிட்டு "இன்று பயிற்சியே செய்யவில்லை" என்று வருத்தப்பட்டு, மறுநாள் இரட்டிப்பாக ஓடப் போனால் முழங்கால் என்ன செய்யும், பாவம்.

இந்த முறை அமாவாசை ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. என் நீண்ட ஓட்டம் வழக்கமாக ஞாயிறு காலைதான். அதை யோசிக்காமல் அடுத்த ஞாயிறுக்குத் தள்ளிவிட்டேன். காலையில் அவர் தர்ப்பணம் முடிக்கும்வரை அடுப்படியில் வேலை சரியாக இருக்கும். மதியத்துக்கு மேல் பரண்.

பரணில் ஏறுவதற்கு ஏணி சாத்தும்போது ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏணி நாலு அடி உயரத்தில் சாய்கிறது என்றால் அதன் கால் சுவரிலிருந்து ஓரடி தள்ளி இருக்க வேண்டும். எட்டடி என்றால் இரண்டடி. அதைவிட ஒட்டி வைத்தால் ஏணி பின்னால் சாயும், அதிகமாகத் தள்ளி வைத்தால் கால் வழுக்கும். மொசைக் தரையில் ஏணிக்காலுக்கு அடியில் பழைய சாக்கை மடித்துப் போடும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. அதுவே வழுக்க வைக்கும். ரப்பர் மிதியடி போடலாம். ஏணியில் நிற்பவர் பெட்டியோடு இறங்கவே கூடாது, கீழே நிற்பவர் கையில் கொடுத்துவிட வேண்டும். எங்கள் வீட்டில் மேலே அவர், கீழே நான், நடுவில் உத்தரவு போட அத்தை.

"அந்தப் பச்சைப் பெட்டிதான்டா முதல்ல வரணும். அதுலதான் மரப்பாச்சி இருக்கு" என்று அத்தை சொன்னார். பச்சைப் பெட்டி கடைசியில் இருந்தது. எல்லா வருஷமும் கடைசியில்தான் இருக்கும்.

எங்களுடையது துளை போட்ட இரும்பு ஆங்கிளில் நட்டு, போல்ட்டு முடுக்கிக் கட்டும் ஏழு படி. இதைக் கட்டும்போது பலரும் கீழ்ப் படியிலிருந்து பலகை போட ஆரம்பிப்பார்கள். அப்படிப் போட்டால் கலசம், தசாவதார செட், பெரிய மீனாட்சி கல்யாணம் எல்லாவற்றையும் ஏழு படி அகலத்துக்கு எட்டி, கையை நீட்டி, தோளுக்கு மேலே தூக்கி வைக்க வேண்டிவரும். இடுப்பு பிடிப்பதும் பொம்மை உடைவதும் அந்த இடத்தில்தான். சட்டத்தை முழுதாக நிறுத்தி முடுக்கிய பிறகு, மேல் இரண்டு படிக்கு மட்டும் முதலில் பலகை போடுங்கள். ஆங்கிளுக்குள் நுழைந்து ஒரு முக்காலி போட்டு நின்றால் மேல் படி மார்பு உயரத்துக்கு வந்துவிடும். பொம்மையை உடம்போடு அணைத்துத் தூக்கி வைக்கலாம். மேலே முடிந்ததும் பின்வாங்கிக்கொண்டே ஒவ்வொரு பலகையாகக் கீழே போட்டு வரலாம். படிக்கு விரிக்கும் வேட்டியை மட்டும் முன்கூட்டியே முழு நீளத்துக்கு மேல் படியில் சுருட்டி வைத்துக்கொண்டு, பலகை வர வர அவிழ்த்துவிட வேண்டும். டெட்லிஃப்டில், அதாவது தரையிலிருந்து எடை தூக்கும் பயிற்சியில், ஜிம் மாஸ்டர் திரும்பத் திரும்பச் சொல்லும் விஷயமும் இதேதான்: எடை உடம்பைவிட்டு எவ்வளவு தள்ளிப் போகிறதோ, முதுகு அவ்வளவு தாங்க வேண்டும்.

பொம்மை சுத்தத்தில் ஒன்று. மண் பொம்மையை ஈரத்துணியால் துடைக்காதீர்கள். பழைய பொம்மைகளில் பூசியிருக்கும் வண்ணம் தண்ணீரில் கரைந்து வந்துவிடும். காய்ந்த பெயிண்ட் பிரஷ் போதும், இடுக்குக்குப் பழைய பல் தேய்க்கும் பிரஷ். காகிதக்கூழ் பொம்மைக்கு ஈரம் பட்டால் உப்பிக்கொள்ளும். எங்கள் மளிகைக்கடைச் செட்டியார் பொம்மைக்குப் பெட்டியிலேயே கை முறிந்திருந்தது. எம்-சீல் பிசைந்து ஒட்டி, ஒரு ராத்திரி காயவிட்டு, மறுநாள் அக்ரிலிக் வண்ணம் தொட்டு வைத்தோம். சட்டைக் கையின் மடிப்பு மாதிரியே இருக்கிறது. அவருக்கு முன்னால் துவரம் பருப்பும் மிளகும் சின்னக் கிண்ணங்களில் பரப்பிய பிறகு யார் கண்ணுக்கும் தெரியாது.

அப்புறம் சீரியல் லைட். எல்லாச் சரத்தையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சொருகி, அந்தப் பெட்டியை வேட்டிக்கு அடியில் மறைத்து வைப்பது நிறைய வீடுகளில் நடக்கிறது. துணிக்கடியில் சூடாகும் பெட்டி நல்லதல்ல. வெளியே தெரிந்தால் தெரியட்டும்.

திங்கட்கிழமை காலை ஓடவில்லை. 750 எழுதிய நாளுக்கு மறுநாள் தெருவைச் சுற்றி இருபது நிமிடம் நடந்ததோடு சரி. சாயந்திரம் எங்கள் வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தோம். ஞாயிறு ராத்திரியே கொண்டைக்கடலை ஊறப்போட்டாயிற்று.

சுண்டலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புரட்டாசியில் எனக்குப் பெரிய பிரச்சினை புரதம்தான். மாதம் முழுக்க வீட்டில் முட்டைகூடக் கிடையாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) 2020இல் கொடுத்த பரிந்துரைப்படி சராசரி ஆளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் ஒரு நாளைக்கு வேண்டும். அறுபது கிலோ எடைக்கு ஐம்பது கிராம். எடை தூக்கி, ஓடிக்கொண்டிருப்பவர்களுக்கு அதைவிடக் கூடுதலாகத் தேவை, கிலோவுக்கு 1.2 கிராமுக்கு மேல் என்றுதான் பயிற்சியாளர்கள் சொல்வார்கள். அதாவது எழுபது கிராமைத் தாண்ட வேண்டும். சோறு, சாம்பார், ரசம், பொரியல் என்று வழக்கமாகச் சாப்பிட்டால் அந்த இடத்துக்குப் போய்ச் சேர முடியாது.

கொலு வாரத்தில் இதற்கு வழி தானாகவே கிடைக்கிறது. நூறு கிராம் வேகவைத்த கொண்டைக்கடலையில் எட்டு ஒன்பது கிராம் புரதம் இருக்கிறது. ஒரு கை கொள்ளும் அளவு சுண்டல் அவ்வளவுதான் எடை. ஒரு சாயந்திரத்தில் மூன்று வீடு போனால் மூன்று பொட்டலம். வேர்க்கடலைச் சுண்டல் கிடைத்தால் இன்னும் விசேஷம். பச்சை வேர்க்கடலை நூறு கிராமில் இருபத்தைந்து கிராம் புரதம், ஆனால் எண்ணெய்ச் சத்தும் அதிகம் என்பதால் வயிறு சீக்கிரம் நிரம்பிவிடும். மதியம் ஒரு கிண்ணம் கெட்டித் தயிர், வாரத்தில் ஓரிரு நாள் மீல்மேக்கர் குழம்பு. உலர்ந்த மீல்மேக்கர் நூறு கிராமில் புரதம் பாதி எடைக்கு மேல். முப்பது கிராம் போட்டாலே பதினைந்து கிராம் வந்துவிடுகிறது. அத்தைக்கு அது பிடிக்காது. "மாமிசம் சாப்பிடாத மாசத்துல மாமிசம் மாதிரி எதுக்கும்மா?" என்பார். நியாயமான கேள்விதான், அதனால் அவருக்கு மட்டும் தனியாகப் பருப்புருண்டைக் குழம்பு.

வாயுத் தொல்லைக்குப் பயந்து ஓடுபவர்கள் சுண்டலைத் தவிர்ப்பார்கள். எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் ஊறவைத்து, ஊறின தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் குழைய வேகவைத்து, பெருங்காயமும் இஞ்சியும் தாராளமாகப் போட்டால் பெரும்பாலும் தொந்தரவு இருக்காது. நீண்ட ஓட்டத்துக்கு முந்தின சாயந்திரம் மட்டும் கடலை வகையை விட்டுவிட்டுப் பாசிப்பயறு எடுத்துக்கொள்கிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை நாற்பது நிமிட ஓட்டம். ஆதம்பாக்கத்துச் சந்துகளில் ஆரம்பித்து வேளச்சேரி பக்கம் போய்த் திரும்புவேன். செப்டம்பர் கடைசியில் சென்னையில் விடிகாலையிலும் காற்று கனமாகத்தான் இருக்கும். வெயில் இல்லை என்று நினைத்து வேகம் பார்த்தால் ஏமாந்துபோவோம். காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் வியர்வை ஆவியாகாமல் சொட்டிக்கொண்டே இருக்கும். ஆவியானால்தானே உடம்பு குளிரும்? அதனால் இந்த மாதங்களில் கடிகாரத்தில் வேகத்தைப் பார்ப்பதே இல்லை. பக்கத்தில் ஒருவர் ஓடினால் அவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா, அதுதான் அளவு. நான் தனியாக ஓடுகிறேன் என்பதால் அன்றைக்கு யார் யார் வீட்டுக்குப் போக வேண்டும் என்ற பட்டியலை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். எதிரே பால் பாக்கெட் கொண்டு வந்தவர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

அன்று சாயந்திரம் தாம்பூலம் வாங்கப் போனோம். செவ்வாயும் வெள்ளியும் பெண்கள் கூட்டம் அதிகம். எங்கள் தெருவில் இதை ஒரு நடையாகவே ஆக்கிக்கொண்டிருக்கிறோம். ஸ்கூட்டர் எடுப்பதில்லை. பின் தெரு, கோயில் தெரு, மெயின் ரோட்டைத் தாண்டி ஒரு ஃப்ளாட் என்று நடந்தே முடிக்கலாம். காலையில் ஓடின காலுக்கு இந்த நிதானமான நடை நல்ல ஆறுதல். கணக்கில் இரண்டு மணி நேரம், கடினம் இரண்டு, 240 என்று எழுதிக்கொண்டேன். சிரிக்காதீர்கள், பட்டுப்புடவையில் மூன்று மாடி ஏறி இறங்கியதும் அதில் அடக்கம்.

கொலு வீடுகளில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய விஷயம் காபி. இனிப்பையாவது வீட்டுக்குக் கட்டி எடுத்து வந்துவிடலாம். காபியைக் குடித்தாக வேண்டும். ஏழு மணிக்கு ஒரு வீட்டில் ஒரு டம்ளர், எட்டரைக்கு இன்னொரு வீட்டில் ஒரு டம்ளர். உடம்புக்குள் போன காஃபீன் பாதியாகக் குறையவே சராசரியாக ஐந்து மணி நேரம் பிடிக்கிறது. பத்தரைக்குப் படுத்தால் தூக்கம் எங்கே வரும்? வேண்டாம் என்று சொன்னால் யாரும் விடமாட்டார்கள். "நீர்மோர் இருந்தா கொடுங்க மாமி" என்று நாமே முந்திக்கொண்டு கேட்டால் சந்தோஷமாகக் கொண்டு வருவார்கள். வேறு ஒன்றைக் கேட்டுவிட்டால் மறுத்த மாதிரியே இருக்காது. உப்பும் பெருங்காயமும் போட்ட மோர், வியர்த்து ஓடுகிறவளுக்கு நல்ல மருந்தும்கூட.

என்ன செய்தாலும் அன்று படுக்கப் பதினொன்று ஆகிவிட்டது. இந்த இடத்தில்தான் என் இரண்டாவது விதி வருகிறது. வாரத்தில் இரண்டு சாயந்திரம் வீட்டில்தான் இருப்பேன் என்று முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுகிறேன். இந்த வாரம் புதனும் சனியும். அந்த இரண்டு சாயந்திரங்களுக்கு மறுநாள்தான் கடினமான வேலை. மற்ற நாட்களில் காலையில் எழ முடிந்தால் மெதுவாக ஓட்டம், முடியாவிட்டால் தூக்கம். நடுராத்திரிவரை விழித்திருந்துவிட்டு நாலரைக்கு அலாரம் வைத்து வேக ஓட்டம் ஓடுவதை வைராக்கியம் என்று புகழ்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் மரியாதை இல்லை. தூங்காத உடம்பு பயிற்சியை வாங்கிக்கொள்ளாது, காயத்தைத்தான் வாங்கிக்கொள்ளும்.

புதன் சாயந்திரம் ஆபீஸிலிருந்து நேராக ஜிம். மறுநாள் மழைநீர் வடிகட்டித் தொட்டியின் ஜல்லியை அலசப் போகிறேன் என்று சொன்னதும் மாஸ்டர் என் பயிற்சி அட்டையை வாங்கி இரண்டு வரியை அடித்தார்.

"எவ்ளோ ஜல்லி அக்கா?"

"தொட்டி முழுக்க. வாளி வாளியா எடுத்து மாடிப்படி பக்கத்துல கொண்டுபோய்க் கழுவணும்."

"அப்போ இன்னிக்கு ஸ்குவாட், டெட்லிஃப்ட் ரெண்டும் வேணாம். வாளி தூக்கிட்டு நடக்கிறதே ஃபார்மர்ஸ் வாக்தான். இன்னிக்கு ஷோல்டர் பிரஸ், ரோ, பிளாங்க் போட்டுட்டு வீட்டுக்குப் போங்க."

இருபதாயிரம் ரூபாய் கொடுத்து ஜிம்மில் சேர்ந்தால் எந்த நாளும் முழு அட்டையையும் முடித்தாக வேண்டும் என்று நினைக்க வைக்கும் பயிற்சியாளர்களும் இருக்கிறார்கள். இப்படி அடிக்கத் தெரிந்தவர் கிடைப்பது அதிர்ஷ்டம்.

அத்தைக்கு ஜிம்மே வேண்டாம் என்றுதான் எண்ணம். "ஆட்டுக்கல்லு, அம்மி, கெணத்துத் தண்ணின்னு நாங்க பண்ணாததா?" என்று கேட்பார். பண்ணியிருக்கிறார்கள், மறுக்க முடியாது. ஆனால் அந்த வேலைகள் வருஷக்கணக்கில் ஒரே அளவில், ஒரே பக்கமாக நடந்தவை. எடைப் பயிற்சியில் சுமை கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுகிறது, வலமும் இடமும் சமமாக வேலை செய்கின்றன, நடுவில் ஓய்வும் உண்டு. முப்பதைத் தாண்டியதிலிருந்தே தசை மெல்லக் குறைய ஆரம்பிக்கிறது. மாதவிடாய் நிற்கும் காலத்தில் பெண்களுக்கு எலும்பின் அடர்த்தி வேகமாகக் குறைகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டி, வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்போடு, தசையை வலுப்படுத்தும் பயிற்சியும் வாரம் இரண்டு நாளாவது வேண்டும் என்கிறது. ஓடுபவர்கள் முதல் பாதியை மட்டும் படித்துவிட்டு இரண்டாம் பாதியை மறந்துவிடுகிறோம். மாதம் முழுக்க ஜிம்மில் தூக்கிய பழக்கம் இருப்பதால்தான் ஜல்லி நாளில் வாளியைத் தூக்க முடிகிறது. வாளியை மட்டுமே நம்பினால் வருஷத்துக்கு ஒரு நாள்தான் பயிற்சி.

வியாழக்கிழமைதான் பிளம்பர் அண்ணனுக்குத் தோதுப்பட்டது. நான் லீவு போட்டேன். இந்த வாரத்தின் இன்னொரு பெரிய வேலை இது.

தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று 2003இல் சட்டம் வந்தபோது கட்டிய தொட்டி எங்களுடையது. மொட்டை மாடித் தண்ணீர் குழாய் வழியாக இறங்கி, ஒரு வடிகட்டித் தொட்டிக்குள் புகுந்து, அங்கிருந்து பழைய உறைகிணற்றுக்குள் போகும். தொட்டிக்குள் கீழே கூழாங்கல், நடுவில் ஜல்லி, மேலே பெருமணல். இதைக் கட்டியவர்கள் பலர் அதற்கப்புறம் மூடியைத் திறந்து பார்த்ததே இல்லை. வருஷா வருஷம் மாடித் தூசியும் இலையும் வந்து மேல் மணலில் ஒரு சேற்றுப் படலமாகப் படியும். அது கெட்டியானால் தண்ணீர் கீழே இறங்காமல் வழிந்து தெருவுக்குப் போகும். தொட்டி இருக்கும், ஆனால் சேகரிப்பு இருக்காது.

கணக்குப் போட்டால்தான் அதன் அருமை தெரியும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். தொள்ளாயிரம் சதுர அடி மாடி என்பது எண்பத்து மூன்று சதுர மீட்டருக்கு மேல். ஐம்பது மில்லிமீட்டர் மழை ஒரு ராத்திரியில் சாதாரணமாகப் பெய்யும் ஊர் இது. அந்த ஒரு மழையில் மட்டும் நான்காயிரம் லிட்டரைத் தாண்டுகிறது. ஆறாயிரம் லிட்டர் தண்ணீர் லாரியில் பாதிக்கு மேல். 2019 கோடையில் லாரிக்காகத் தெருவில் காத்திருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

வேலையின் வரிசை இப்படி. முதலில் மாடியைப் பெருக்கி, குழாய் வாயில் அடைத்திருக்கும் இலைகளை எடுத்து, வாய்க்கு வலை போட வேண்டும். தொட்டியை முதலில் சுத்தம் செய்துவிட்டு மாடிக்குப் போனால் அந்தக் குப்பை மறுபடி தொட்டிக்கே வரும். பிறகு தொட்டியில் மேல் மணலைச் சேற்றோடு அள்ளிக் களைய வேண்டும். அதைக் கழுவிப் பயனில்லை, புது மணல் போடுவது நல்லது. ஜல்லியையும் கூழாங்கல்லையும் தனித்தனியாக எடுத்து, தண்ணீர் தெளிவாக வரும்வரை அலச வேண்டும். திரும்பப் போடும்போது மணலுக்கும் ஜல்லிக்கும் நடுவில் நைலான் வலை விரிக்க வேண்டும். வலை இல்லாவிட்டால் மணல் மெல்ல மெல்ல இறங்கி ஜல்லி இடுக்கை அடைத்துவிடும். எங்கள் தொட்டியில் வலை கிழிந்திருந்ததை அண்ணன்தான் காட்டினார்.

ஈர ஜல்லி எதிர்பார்ப்பதைவிடக் கனம். இருபது லிட்டர் வாளியை நிரப்பினால் முப்பது கிலோவை எட்டும். பாதி நிரப்பி, இரண்டு கையிலும் ஒவ்வொரு வாளியாகத் தூக்கினால் முதுகு ஒரு பக்கம் சாயாது. குனிந்து அள்ளும்போது இடுப்பை மடக்காமல் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றிக்கொள்வேன். அரை மணிக்கு ஒருமுறை நிமிர்ந்து தண்ணீர் குடித்து, அலசுவதும் தூக்குவதுமாக ஆளை மாற்றிக்கொண்டோம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஆள் இறங்கும் ஆழமுள்ள மூடிய சம்ப், கிணறு எதுவானாலும் உள்ளே காற்று எப்படி இருக்கிறது என்று தெரியாமல் யாரையும் இறக்காதீர்கள். மூடி வைத்த குழியில் ஆக்சிஜன் குறைந்திருக்கலாம், விஷவாயு தங்கியிருக்கலாம், உள்ளே போனவருக்குக் கத்தக்கூட நேரம் கிடைக்காது. எங்கள் தொட்டி இடுப்பளவுதான், வெளியே நின்றே அள்ள முடியும். கிணற்றுக்குள் நாங்கள் யாரையும் அனுப்பவில்லை.

அன்றைய கணக்கு: இரண்டு மணி நேரம், கடினம் ஆறு, 720. ஓட்டம், ஜிம் எதுவும் கிடையாது. மதியம் நிறையச் சாப்பிட்டுத் தூங்கினேன்.

அன்று ராத்திரியே இடி மழை. புரட்டாசி மழைக்கு அந்தக் குணம் உண்டு, பகலெல்லாம் புழுங்கிவிட்டு ராத்திரி கொட்டும். டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தோம். பருவத்தின் முதல் சில மழைகள் மாடியைக் கழுவி வரும் என்பதால் அதைக் கிணற்றுக்கு விடக் கூடாது. வால்வைத் திருப்பி வெளியே விட்டோம். காவி நிறத்தில் வந்துகொண்டிருந்த தண்ணீர் கால் மணி நேரத்தில் தெளிந்தது. அதன் பிறகு தொட்டிப் பக்கம் திருப்பினால், மூடியைத் தாண்டி ஒரு சொட்டு வழியவில்லை. அவர் குடையைப் பிடித்துக்கொண்டு "இறங்குது பார், இறங்குது பார்" என்று குழந்தை மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். மாடியில் செடித் தொட்டிகளின் அடித்தட்டில் தேங்கியதை மறுநாள் காலை கவிழ்த்துவிட்டேன். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும், அதனால் வாரம் ஒருமுறை கவிழ்ப்பது வழக்கம்.

வெள்ளிக்கிழமை ஓய்வு. சாயந்திரம் தோழி ஒருத்தியோடு வேளச்சேரியிலிருந்து பறக்கும் ரயில் பிடித்து மயிலாப்பூர். கபாலீசுவரர் கோயில் கொலுவைப் பார்த்துவிட்டு வடக்கு மாட வீதிக்கு வந்தோம். நவராத்திரி தொடங்கிய பிறகு பொம்மை விலை கொஞ்சம் இறங்கும், ஆனால் செட்டில் ஒன்றிரண்டு உருப்படிகள் குறைந்திருக்கும். எண்ணிப் பார்த்து வாங்குங்கள். மண் பொம்மையா, காகிதக்கூழா, பிளாஸ்டர் ஆப் பாரிஸா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கையில் தூக்கினாலே காகிதக்கூழ் தெரிந்துவிடும், இலேசாக இருக்கும். பரண் ஏற்றி இறக்கும் ஆட்களின் வயது ஏறிக்கொண்டே போகும்போது அது ஒரு பெரிய தகுதி. நான் வாங்கியது ஒரு சின்ன காகிதக்கூழ் பல்லாங்குழி செட். தோழி அரை மாரத்தானுக்கு என்னோடு வருவதாக ரயிலில் ஒப்புக்கொண்டாள். அவளை ஒப்புக்கொள்ள வைக்க இரண்டு வருஷம் போன் செய்தும் நடக்காதது, கூட்டத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த அரை மணியில் நடந்தது.

சனிக்கிழமை பகலில் வந்தவர்களுக்குப் பாசிப்பயறு சுண்டல். சாயந்திரம் ஏழு மணிக்கு ஆரத்தி எடுத்துக் கதவைச் சாத்தியாயிற்று. ஒன்பதரைக்குத் தூக்கம்.

ஞாயிறு விடியலில் அதே பறக்கும் ரயிலில் கலங்கரை விளக்கம் ஸ்டேஷன். நீண்ட ஓட்டத்துக்கு எனக்கு மெரினாதான் தோது. சிக்னல் இல்லை, நிழல் இல்லாவிட்டாலும் கடல் காற்று உண்டு, களைத்தால் உட்கார இடம் உண்டு. இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டுக்காக 1968இல் வைத்த அவ்வையார், வள்ளுவர், பாரதி, ஜி.யு.போப், கால்டுவெல் சிலைகளெல்லாம் வரிசையாக நிற்பதால் தூரத்தைத் துண்டு போடுவது சுலபம். முக்கால் பங்கு ஓட்டத்தைப் பேசும் வேகத்திலேயே முடித்துவிட்டு, கடைசிப் பங்கில் ஒரு சிலையிலிருந்து அடுத்த சிலைவரை கொஞ்சம் வேகம், அதற்கடுத்தது வரை நிதானம் என்று மாற்றி மாற்றி ஓடினேன். கூட வந்த தோழிக்கு முதல் நாள் என்பதால் அவள் நடந்தும் ஓடியும் வந்தாள், உழைப்பாளர் சிலையருகே அவளைத் திரும்பச் சேர்த்துக்கொண்டேன்.

கிளம்பும் முன்னும் வந்த பிறகும் எடை பார்த்தால் தண்ணீர்க் கணக்கு புரியும். ஒரு கிலோ குறைந்திருந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் வியர்வை போயிருக்கிறது. எனக்கு இந்த ஈரப்பதத்தில் அதற்கு மேலேயே குறைகிறது. வெறும் தண்ணீராக ஒரே மூச்சில் குடிப்பதைவிட, உப்புப் போட்டதாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும்போது தலைவலி வருவதில்லை. மெரினாவிலிருந்து மயிலாப்பூர் பக்கம்தானே, பொங்கல் வடை சாப்பிட்டுவிட்டு வீடு வந்தோம்.

நவராத்திரி அதற்குப் பிறகும் புதன்கிழமை ஆயுத பூஜைவரை இருந்தது. அன்று அரிவாள்மணை, தையல் மிஷின், பிளம்பர் அண்ணன் விட்டுச் சென்ற ரெஞ்ச், என் டம்பெல் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். ஓட்டத்துக்கான ஷூவையும் வைக்கலாமா என்று கேட்டதற்கு அத்தை பார்த்த பார்வையில் அது வாசலுக்கே திரும்பிவிட்டது. பூஜையில் வைத்ததை விஜயதசமி அன்று மறுபூஜை செய்யாமல் தொடக் கூடாது. அதனால் டம்பெல்லுக்கு விடுமுறை. ஷூ வெளியில் இருந்ததால் வியாழன் காலை எனக்கு ஓட்டம்.